‘பத்து நிமிஷம்தான்’ என்று சொன்னவன்

கலை, நீயும் உன் காலேஜ் கூட்டாளிகளும் அடுத்த மாதம் மலையடிவாரத்தில் போய் நிற்கப் போவதாகச் சொன்னாய். ஏறுகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரக் கேட்டாய். உன் தம்பி பிரபு குறுக்கே விழுந்து, "இனிமே ஆளே வேணாம்பா. பலகையில கியூஆர் கோடு ஒட்டிட்டாங்க. ஸ்கேன் பண்ணா மலை மொத்தமும் போன்ல வந்துடும்" என்றான். அவன் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு எழுதவே ரோஷம் வந்தது. அதனால் ஒரு பக்கத்தில் அடங்காது. நான் படித்தது பத்தாவது வரைக்கும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

அந்தப் பலகையைப் போன வாரம் நானும் போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு சங்கத்தார் வைத்தது. பளபளவென்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று முப்பது பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேன் பண்ணியவர் ஒருவர். அவருக்கும் டவர் கிடைக்காமல் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வட்டமடித்துக்கொண்டிருந்தார். பலகையின் ஒரு மூலையில் யாரோ பக்தியாகக் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது ஒன்றுதான் அந்தப் பலகையால் நடந்த காரியம். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது, ‘உச்சிக்கு நடை நேரம்’ என்று. அதைப் படித்ததும் திரும்பி நடந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

மலையின் பெயர் வேண்டாம். நம் பாகூரிலிருந்து வேனில் மூன்று மணி நேரம், தமிழ்நாட்டுப் பக்கம். மேலே ஒரு சின்னக் கோயில். மலை மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் ஏறுகிறவர்களிடமும் ஏற்றி விடுகிறவர்களிடமும்தான். இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன்.

உங்களுக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கண்டக்டர் வேலைக்குப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. மூன்று நாள் பின்படியில் தொங்கினேன். நாலாம் நாள் விசிலும் பையும் என் கையில். முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: "எப்ப எடுப்பீங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லாத. எறங்கி அடுத்த வண்டிக்குப் போயிடுவான். அஞ்சு நிமிஷம்னு சொல்லு. ஒக்காந்திருப்பான்." அப்படியே சொன்னேன். தவளக்குப்பத்தில் வண்டி அரை மணி நேரம் நிற்கும். நான் படியில் நின்று ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷம் என்று கூவிக்கொண்டே இருப்பேன்.

நல்லவாட்டிலிருந்து அஞ்சலை என்று ஒரு மீன்காரி வருவாள். அன்னக்கூடையைப் பின்படியில் வைத்துவிட்டு நெட்டப்பாக்கம், பண்டசோழநல்லூர் வரைக்கும் விற்கப் போகிறவள். அவள் மட்டும் கேட்பாள்: "கண்டக்டரே, உன் அஞ்சு நிமிஷம் முடியறதுக்குள்ள எம் மீனு கருவாடு ஆயிடும். அப்ப கருவாட்டு வெலைக்கு நீயே வாங்கிக்கிறியா?" பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இன்னும் பத்து நிமிஷம் நிற்போம்.

ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். ஷூ வாங்க வில்லியனூரில் தாவூத் பாய் கடைக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பழைய செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். "எடது பக்கமா சாஞ்சி நின்னே குதிகால் தேஞ்சிருக்கு. முப்பது வருஷம் கம்பியப் புடிச்சினு நின்னீங்களா? கண்டக்டரா?" என்றார். அப்படித்தான் அவரிடம் மாட்டினேன்.

தாவூத் பாய் யாரையும் ‘நீ’ என்று சொல்ல மாட்டார். ஐந்து வயசுப் பிள்ளையையும் ‘வாங்க’ என்பார். மரியாதையாகப் பேசியே ஆளை உரித்துவிடுவார். அவர்தான் மாதம் இரண்டு ஞாயிறு வில்லியனூரிலிருந்து வேன் எடுத்து, ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, ஏறுகிறவர்களைப் பார்த்து அனுப்ப மலையடிவாரத்தில் மேசை போட்டு உட்காருகிறவர். ஒருமுறை ஒரு மீசைக்காரர், "கோயில் மலையில பாய்க்கு இன்னா வேலை?" என்று கேட்டார். இவர் அவர் காலைப் பார்த்தபடியே, "மலை எல்லாருக்கும்தான் வழுக்கும். உங்க செருப்புக்குக் கொஞ்சம் முன்னாடியே வழுக்கும்" என்றார். மீசைக்காரர் இருபதாம் படியில் உட்கார்ந்த இடம் எங்கள் மேசையிலிருந்தே தெரிந்தது.

ஏன் பாய் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று நான் கேட்டபோது சொன்னார்: "பசங்க நம்ம கடையில ஷூ வாங்கினு போயி, மறுவாரமே கிழிஞ்சி போச்சுன்னு வந்து நிக்கறாங்க. நான் வித்த ஷூவ இந்த மலை இன்னாதான் பண்ணுதுன்னு பாக்க வந்தேன். பாத்தா, ஷூவ விட ஆளுங்கதான் அதிகமா கிழிஞ்சினு எறங்கினாங்க."

ஆட்களைப் பற்றி என்னத்தைச் சொல்வது. பட்டுப்புடவையில் ஏறுவார்கள். ஒரு பாட்டில் தண்ணீரில் ஆறு பேர் ஏறுவார்கள், ஆனால் பிரியாணிப் பொட்டலம் ஆளுக்கு இரண்டு இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். மலை அமைதியாக இருக்கிறது என்றுதான் இவ்வளவு தூரம் வருகிறார்கள், வந்ததும் முதல் வேலையாக அதைக் கெடுப்பார்கள். எதிர்ப்பாறையைப் பார்த்து ‘ஊ’ என்று ஊளையிடுவார்கள். மேலே இருக்கிறவன் பதிலுக்கு ஊளையிடுவான். நரி கூட ஒரு காரணத்தோடுதான் கத்தும்.

எங்கள் கூட்டமும் லேசுப்பட்டதல்ல. மஞ்சள் பனியன் ஒன்று அடித்துக் கொடுத்திருந்தார்கள், முதுகில் ‘தன்னார்வலர்’ என்று போட்டு. அதை மாட்டிய அன்றைக்கே பாதிப் பேருக்கு நடையே மாறிவிட்டது. மேசையில் உட்காருவதற்கு முன்னால் போட்டோ, உட்கார்ந்த பிறகு போட்டோ. நானும் எடுத்துக்கொண்டேன். நம் வீட்டு டிவி மேல் இருக்கிறதே, அதுதான்.

பாயின் முறை ஒன்று உண்டு. இதைக் கவனமாகப் படி, கலை. முதலில் காலைப் பார்ப்பார். அப்புறம், "குடுங்க, கொஞ்ச நேரம் வெச்சிருக்கேன்" என்று பையை வாங்கித் தூக்கிப் பார்ப்பார். எடையிலேயே தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடைசியில்தான் முகம். "காலையில இன்னா சாப்ட்டீங்க?" என்பார். "எறங்கறதுக்குத் தண்ணி எங்க?" என்பார். ஏறுவதற்கு என்று கேட்க மாட்டார். போகாதே என்று யாரையும் சொன்னதில்லை. சொன்னால் வீம்புக்குப் போவான் என்பார்.

அப்புறம் கயிறு. அவர் கடையில் விற்காமல் கிடந்த கலர் கலரான ஷூ கயிறுகள். மேசைக்குப் பின்னால் ஒரு பலகையில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு கயிறு. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக நடக்கிற ஆளுக்கு மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி விடுவார். "நீங்கதான் கடைசி. உங்களுக்குப் பின்னாடி உங்க ஆளு யாரும் இருக்கக் கூடாது." இறங்கியதும் கயிறு திரும்ப ஆணிக்கு வர வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அந்தக் கூட்டம் இன்னும் மலையில் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு டவர் தேவையில்லை, பிரபு.

மூன்றாவது விதி, நேரம் சொல்லக் கூடாது. "எடத்தச் சொல்லுங்க. அடுத்தது புளியமரம், அங்க நெழல் உண்டு. அதுக்கப்பறம் இரும்புப்படி. அதுக்கப்பறம் மொட்டைப்பாறை, கோயில் வரைக்கும் ஒரு பொட்டு நெழல் கெடையாது. இதான் தகவல். அரை மணி ஒரு மணின்றதெல்லாம் உங்க காலுக்குத் தெரிஞ்ச கணக்கு. அவங்க காலுக்கு அது தெரியாது." நான் தலையாட்டினேன். கண்டக்டருக்கு ஸ்டாப் பெயர் சொல்ல யாராவது கற்றுத்தர வேண்டுமா என்று மனசுக்குள் ஒரு ஏளனம் வேறு.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்று. வெயிலுக்குப் பயந்து கூட்டம் குறைவு. மேசைக்கு முன்னால் வந்து நின்றவள் அஞ்சலை. கூடவே அவள் புருஷன் வேலாயுதம், வெறுங்காலோடு. மகளுக்கு ஏழு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஏறி வருவதாக வேண்டுதல். என்னைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏய்யா, நம்ம கண்டக்டரு! பஸ்ஸுதான் எடுக்க மாட்டாரு, இங்க மலையயே நிறுத்தி வெச்சினு கீறாரு!"

பாய் வேலாயுதத்தின் காலைப் பார்த்தார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பிரஷர் மாத்திரை என்றாள் அஞ்சலை. வேலாயுதத்துக்கு அது பிடிக்கவில்லை.

"பொழுதுக்கும் கடல்ல வெயில்ல கெடக்கறவன் நானு. இந்தக் குன்னு எனக்கு இன்னா?"

"கடல்ல நீங்க ஒக்காந்திருப்பீங்க, படகு போவும்" என்றார் பாய். "இங்க நீங்கதான் படகு."

அஞ்சலைக்கு அது பிடித்துப்போயிற்று. கூடுதலாக இரண்டு பாட்டில் தண்ணீரைப் பையில் வைத்தார் பாய். முடியலன்னா புளியமரத்தோடு திரும்பிடுங்க, அங்கேயே கும்பிட்டாலும் கும்பிடுதான் என்று பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவை விட்டுச் சொல்ல வைத்தார். பின்னால் நடக்கிறவள் அஞ்சலை என்பதால் நீலக் கயிறு அவளுக்கு. அவள் கையில் கண்ணாடி வளையல் நெருக்கமாக இருந்ததால் கயிற்றைப் பையின் கைப்பிடியில் கட்டச் சொன்னாள். கட்டினார்.

அன்று புளியமரத்தடி என் பொறுப்பு. முன்னாலேயே ஏறிப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. வேலாயுதம் கல்லில் உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது. அஞ்சலை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"போதும்யா. எறங்கிடலாம். சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

 அவர் கையை ஊன்றி எழுந்து, இறங்குகிற பக்கம்தான் திரும்பினார். இதை நான் பார்த்தேன். அப்புறம் என்னைப் பார்த்து, சும்மா கேட்பது போலக் கேட்டார்: "இன்னும் எவ்ளோ தூரம் கண்டக்டரே?"

வாய் திறந்தது நான்தானா, முப்பத்தொரு வருஷப் பழக்கமா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சும்மா சமாதானம், நான்தான்.

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. பத்து நிமிஷம்தான்."

"மெய்யாவா?" என்றாள் அஞ்சலை. பஸ்ஸில் நான் சொன்ன நேரத்தை ஒரு நாளும் நம்பாதவள். இப்போது என் மஞ்சள் பனியனை ஒருமுறை பார்த்தாள். நம்பினாள்.

ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். "பத்து நிமிஷத்துக்கு இன்னாத்துக்கு இதத் தூக்கினு?" என்று பையை என் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர், அவள் போன், நீலக் கயிறு எல்லாம் அதில்தான். "வெச்சிட்டுப் போ, கொரங்கு வராம பாத்துக்கறேன்" என்றேன். குரங்கு வராமல்தான் பார்த்துக்கொண்டேன்.

நல்ல காலுக்கே அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல்.

மதியம் ஒரு மணிக்கு என் காவல் முடிவது வழக்கம். அவர்கள் வரவில்லை. கண்டக்டர் புத்தி என்ன சொல்லும்? பயணி விட்டுப் போன பையை ட்ரிப் முடிந்ததும் ஷெட்டில் ஒப்படை. அதையே செய்தேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, எலுமிச்சைச் சாதம் சாப்பிடப் போனேன். ஆணிப் பலகையில் அன்றைக்கு நின்றவர் பேங்கில் வேலை பார்த்தவர், ஒழுங்குக்குப் பேர் போனவர். பையில் நீலக் கயிற்றைப் பார்த்தார், அவிழ்த்தார், ஆணியில் மாட்டினார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார்.

இரண்டரைக்கு எல்லா ஆணியிலும் கயிறு. நீலக் கயிற்றைப் பார்த்து, நான் சாப்பிடும்போது அவர்களும் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று மேசையை மடித்தோம். சாமானை வேனில் ஏற்றும்போது பாய் அந்தப் பையைத் தூக்கினார். தூக்கியவர் கீழே வைக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு பை? தண்ணி அப்படியே இருக்கு."

"அஞ்சலையோடது பாய்" என்றேன். 

பாய், நான், அடிவாரத்தில் இளநீர் விற்கிற இரண்டு பேர், நான்கு பேர் ஏறினோம். எதிரே, மேசைப் பக்கமே வராமல் கயிறில்லாமல் ஏறியிருந்த பையன்கள் ஸ்பீக்கர் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தாரா என்று பாய் கேட்டார். "இல்லண்ணே. மேல ஒரு ஆயா மட்டும் எங்கயோ இருந்து செமயா கத்தினு இருந்துது. நாங்களும் பதிலுக்குக் கத்துனோம்" என்று சிரித்தார்கள். பாய் அவர்களுக்கு நன்றி சொன்னார். நிஜமாகவே சொன்னார். அவர்கள் முகம் அதற்குப் பிறகுதான் மாறியது.

மொட்டைப்பாறையில் பாதை ஓரத்தில் கொஞ்சம் கீழே ஒரு குடைவு உண்டு. நிழல் தேடி அதற்குள் இறங்கியிருக்கிறார்கள். பாதையிலிருந்து பார்த்தால் தெரியாது. வேலாயுதம் மல்லாந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, வேர்வையே இல்லை. காலில் கொப்புளம். வெயில் திரும்பத் திரும்ப அஞ்சலையும் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி இடம் மாறியிருக்கிறாள். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியல கண்டக்டரே" என்றாள்.

உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றித் துடைத்து, வேட்டியில் கிடத்தித் தூக்கி இறக்கினோம். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்தார். உயிர் தப்பியது. சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. மற்றவர்கள் படகு கரைக்கு வரும்போது போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார்.

பாயிடம் வேனிலேயே சொல்லிவிட்டேன், நான்தான் சொன்னேன் என்று.

"தெரியும்" என்றார். "இந்த மலையில எறங்கறவங்க எல்லாரும் ஏறறவங்களுக்குச் சொல்றதுதான் அது, இதோ வந்துடுச்சின்னு. அவங்க சொன்னா அது ஆறுதல். நாம இந்தப் பனியனப் போட்டுனு சொன்னா அது தகவல்."

அவ்வளவுதான். அடுத்த முறை நான் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சர்க்கரை ஏறிவிட்டது என்று பொய் சொன்னேன். அதற்கடுத்த முறை பாய் வேனை நம் தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். மேசையில் என்னை உட்கார வைத்து, "வாட்ச்சக் கழட்டிக் குடுங்க" என்றார். கொடுத்தேன். ஒரு ஷூ டப்பாவில் போட்டு மூடினார். சாயங்காலம் திருப்பித் தந்தார். அன்று முதல் இன்றுவரை அங்கே எனக்கு வாட்ச் கிடையாது. கயிறு இனிமேல் ஆளுக்குத்தான், பைக்கு இல்லை என்பதும் அன்றைக்கு வந்த விதிதான். அவர் கட்டிய முடிச்சுக்கு அவரும் கணக்குச் சொல்லிக்கொண்டார், வாயால் சொல்லாமல்.

ஆகவே கலை, உன் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்ள என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். காலைப் பார். பையைத் தூக்கிப் பார். கயிற்றை மணிக்கட்டில் கட்டு. திரும்புகிறவனை ஒரு வார்த்தை சொல்லித் தடுக்காதே, மலையில் அவன்தான் புத்திசாலி. ‘நடை நேரம்’ என்று எழுதிய அந்தப் பலகை மேல் முதல் வேலையாக ஒரு காகிதத்தை ஒட்டு. போட்டோ எடுக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மார்கழியில் அஞ்சலை திரும்ப வந்தாள், பாக்கி இருந்த வேண்டுதலுக்கு. வேலாயுதமும் கூட வந்தார், ஏற முடியாது என்று அவருக்கே தெரியும். பாய் அவருக்கு நாற்காலி போட்டார். அஞ்சலை ஒரு கை வளையலைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, மணிக்கட்டை நீட்டினாள். நீலக் கயிறு. கட்டி முடித்ததும் அவள் பாயைக் கேட்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"எவ்ளோ நேரம் ஆவும் கண்டக்டரே?"

மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாதும்மா" என்றேன். புளியமரம், இரும்புப்படி, மொட்டைப்பாறை, கோயில் என்று ஸ்டாப்பை மட்டும் வரிசையாகச் சொன்னேன்.

"இத முப்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா நடந்தே நெட்டப்பாக்கம் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

வெயில் ஏறியது. ஒவ்வொரு கயிறாக ஆணிக்குத் திரும்பியது. வேலாயுதம் வளையலை மடியில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"எப்ப வருவா கண்டக்டரே?"

நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது, கலை. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கும் வந்திருக்கும்.

"தெரியாதுங்க" என்றேன். "நீல ஆணி இன்னும் காலியாத்தான் இருக்குது."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இருவரும் அந்த ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.